பனிநொச்சியின் சத்து

"ஏழாம் நம்பர் மலைத் தேயிலையை முழுவதுமாகப் பிடுங்கிவிட வேண்டும்" என்றார் கலாநிதி முத்துலிங்கம், தோசைக்கு இன்னும் கொஞ்சம் சம்பல் கேட்பவரைப் போல.

லாபிர் முதலாளிக்குப் புரையேறியது. "என்ன டொக்டர் சொல்றீங்க? தோட்டத்துலயே நல்ல கொழுந்து குடுக்கிற மலை அது. அத வெச்சுத்தான் இந்த பங்களாவே ஓடுது."

"தேயிலையில் என்ன இருக்கிறது? நிறமும் சுடுநீரும். அந்த இடத்தில் பனிநொச்சி நடுங்கள். உலகமே உங்கள் வாசலில் வந்து நிற்கும்."

லாபிர், ஹட்டனில் புடவைக் கடை வைத்திருந்தவர். சுதந்திரம் கிடைத்த கையோடு மூட்டை கட்டிய வெள்ளைக்காரர் ஒருவரிடமிருந்து, நானுஓயாவுக்கு மேலே இருந்த இந்தத் தோட்டத்தை வாங்கினார். 'தொரை' என்ற பட்டத்தையும் விலையோடு சேர்த்தே வாங்கிவிட்டதாக அவருக்கு எண்ணம். அதனால் குளிரிலும் அரைக்கால்சட்டைதான்.

முத்துலிங்கம் லண்டனில் இரசாயனம் படித்தவர். காட்டோரத்துப் பனிநொச்சியில் ஒளிந்திருக்கும் சத்தை நவீன முறையில் பிரித்தெடுத்துக் காட்டுவதாகச் சொல்லி, பங்களாவின் பின்னறையில் கண்ணாடிக் குழாய்களோடு குடியேறி மாதக்கணக்காகிறது. இலையை அவித்து, சுண்ணாம்பு கலந்து, குளோரோபோமில் குலுக்கி, ஆவியாக விட்டால், அடியில் வெள்ளை வெளேரென்று ஊசி ஊசியாக ஒரு உப்பு படிந்தது. அன்று அவர் தரையில் நடக்கவில்லை.

இலை விஷயத்தில் மட்டும் மகா கண்டிப்பு. பறித்த இடத்திலேயே கூழாக இடித்து, மூடிய வாளியில் கொண்டுவர வேண்டும். வெளிச்சம் பட்டால் வீரியம் போய்விடும். வாளியை அவர் இருட்டறையில்தான் திறப்பார். அட்டை கடிக்கும் காட்டுக்குள் போகிற வேலை என்பதால், இந்த இலைக்கென்று ஒதுக்கிய கொழுந்துக்காரிகள் காளியாயிக்கும் பேச்சியம்மாவுக்கும் கூடை நிறுக்காமலே முழுநாள் சம்பளம்.

"உப்புக்கு முத்துலின் என்று பெயர் வைத்திருக்கிறேன்" என்றார் கலாநிதி.

"குழாய்க்குச் செலவு நானு, காட்டுக்கு ஆள் அனுப்புறது நானு. லாபிரின்னு வெச்சா என்னவாம்?"

"லாபிரின் என்றால் பேதி மருந்து போல இருக்கிறது."

"முத்துலின் மட்டும் என்ன, பேனுக்குப் போடுற எண்ண மாதிரி இருக்கு."

ஆனாலும் முதலாளியால் அதிகம் முறைத்துக்கொள்ள முடியவில்லை. மருந்து அவருக்குக் கேட்டிருந்தது. கலாநிதி வந்த முதல் வேலையாகப் பங்களாவில் தேத்தண்ணியை ஒழித்துக் கட்டினார், நாகரிகமில்லாத பானமாம். அன்றைக்குப் பிடித்தது முதலாளிக்கு மண்டையிடி. "டொக்டரு பேச ஆரம்பிச்ச அன்னைக்கே தொரைக்கு மண்டையிடியும் ஆரம்பிச்சிருச்சு" என்று மாயாண்டி கங்காணி தொழிலாளர் லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த இடியை ஒரே சிட்டிகையில் நிறுத்தியது இந்த உப்புதான். இப்போதெல்லாம் அது உள்ளே போகாவிட்டால் முதலாளிக்குப் பொழுதே விடிவதில்லை.

"நீ என்ன சொல்றே ஆமினா?" என்று மனைவியைக் கேட்டார்.

"மருந்து வேல செய்யுதுதான்" என்றார் ஆமினா உம்மா. "ராவெல்லாம் தூங்காம கதவுப் பூட்டையே இழுத்து இழுத்துப் பாக்குறீங்க. கள்ளன் வந்தா அவனுக்குத்தான் நஷ்டம். அதுக்காக ஒரு மலையைப் புடுங்குறதா?"

"புகழ் வருது ஆமினா. கொழும்புல நம்ம பேரச் சொல்லுவாங்க."

"கடன்காரங்க இப்பவே சொல்லிக்கிட்டுத்தான் இருக்காங்க."

முதலாளி காது கேளாதவர் போல் கங்காணியைக் கூப்பிட்டார். "மாயாண்டி, நாளைக்கு ஆம்பள ஆளுங்க எல்லாரும் அலவாங்கோட ஏழாம் நம்பர் மலைக்குப் போகணும். ஒரு செடி மிஞ்சக்கூடாது."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா தொரை? புடுங்குறது லேசுங்க. திரும்ப நட்டுக் கொழுந்து எடுக்க வருசக்கணக்காகும்."

"இது விஞ்ஞானம். ஒனக்குப் புரியாது."

"புரியாதுங்க. இந்தத் தோட்டத்துல விஞ்ஞானத்தோட நமக்குப் பழக்கமில்லீங்க" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனார் மாயாண்டி.

மறுநாள் பனி விலகியதும் ஏழாம் நம்பர் மலையில் கூட்டம் கூடியது. ஒரு பாறைமேல் ஏறி நின்று கலாநிதி பேசினார். "இந்தப் பயனற்ற புதரின் யுகம் இன்றோடு முடிகிறது." கைதட்டுவதா வேண்டாமா என்று ஆட்கள் கங்காணியைப் பார்த்தார்கள். கங்காணி வானத்தைப் பார்த்தார்.

கனத்த இரும்பு அலவாங்குகள் மண்ணில் இறங்கின. அரை நூற்றாண்டு வேர்கள் முறிந்து, முதல் வரிசை மல்லாந்து விழுந்தது. முதலாளி பார்வையைத் திருப்பிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு சிட்டிகை முத்துலின் எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டார். தைரியம் வந்துவிட்டது.

மேட்டில், மூடி போட்ட வாளிகளோடு காளியாயியும் பேச்சியம்மாவும் நின்றுகொண்டிருந்தார்கள். காளியாயி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"பார்த்தீர்களா முதலாளி" என்றார் கலாநிதி, இரக்கத்தோடு. "பாமர மக்கள். பழையதை விட மனம் வராது."

மேட்டில் பேச்சியம்மா வாளியை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "வேடிக்க பாத்தது போதும், வா அக்கா. டொக்டருக்கு எல இடிக்கணும்."

"எங்கடி போய் இடிக்கிறது?" என்றாள் காளியாயி. "அட்டைக்குப் பயந்துக்கிட்டு இத்தன நாளும் நாம அவருக்கு இடிச்சுக் குடுத்ததே இந்த ஏழாம் நம்பர்த் தேயிலைக் கொழுந்துதானே."