பாஞ்சாலையின் இங்கிலீஷ்

தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பும் சாலையோரம் பாஞ்சாலையின் ஸ்ட்ராபெர்ரி கடை. காரை நிறுத்திய வெள்ளைக்காரரிடம், "யூ லைக் ஸ்ட்ராபெர்ரி? திஸ் வெரி ஸ்வீட்," என்றாள்.

அவர் சிரித்தார். முன்னால் 'டூ' வேண்டும், நடுவில் 'இஸ்' வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். பாஞ்சாலை தட்டுத்தடுமாறிச் சொல்லிக் காட்டியதும், நான்கு பெட்டி வாங்கிக்கொண்டு போனார்.

"நான் எத்தன தடவ சொல்லிக் குடுத்திருக்கேன்மா? மானமே போவுதுலா," என்றாள் மகள் கங்கா.

"நீ யூனிவர்சிட்டிக்கு எழுதுன லெட்டர்ல 'மை மதர் ஹேவ் எ ஷாப்'னு இருந்துச்சு. 'ஹேஸ்'னு மாத்தி வச்சிருக்கேன், பாத்துக்க."

கங்கா திகைத்தாள். "அப்ப ஒனக்கு எல்லாம் தெரியுமா?"

"தெரிஞ்ச மாதிரி பேசுனா வெலைய மட்டும் கேட்டுட்டுப் போயிடுவாங்க. சொல்லிக் குடுத்தவங்க யாருடி வெறுங்கையோட போயிருக்காங்க?"

அடுத்த கார் வந்து நின்றது. பாஞ்சாலை எழுந்தாள்.

"யூ லைக் ஸ்ட்ராபெர்ரி?"