மிஞ்சிய வயர்

"இது ஒண்ணு மட்டும் எதுக்குக்கா தொங்குது? வெட்டிடவா?" என்று கட்டரோடு பாய்ந்தான் தம்பி.

எங்கிருந்தோ வாங்கிவந்த பழைய எஞ்சினை வீட்டுக் காரில் பொருத்தியிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் ஓடாவிட்டால் கார் பழைய இரும்புக்குத்தான் என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். எஞ்சினோடு வந்த வயர்க் கட்டை அக்கா இன்றுதான் முதன்முதலாகப் பிரித்தாள். எல்லாம் இணைந்தது, ஒரு வயர் மட்டும் மிஞ்சியது. அதில் சுற்றியிருந்த எண்ணெய்க் கறையேறிய டேப்பில் எழுதியிருந்தது: 'வெட்டாதெ.'

"அடிப்பாவி, உன் கையெழுத்து! ரெட்டைக் கொம்பு போட வேண்டிய இடத்துல ஒத்தைக் கொம்பு போடற ஆளு உலகத்துலயே நீ ஒருத்திதான்!"

"சத்தியமா நான் எழுதலடா."

வெட்டாமலே சாவியைத் திருப்பினாள். எஞ்சின் உறுமியது. அம்மாவே கைதட்டினாள். எதிலும் சேராத அந்த வயரின் முனை மட்டும், இப்போதுதான் யாரோ பிடித்துவிட்டுப் போனதுபோல வெதுவெதுப்பாக இருந்தது.

நீங்களா இருந்தா வெட்டியிருப்பீங்களா?