கசியாத ஹெட்போன்

காதை முழுக்க மூடும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கணவர் மனைவியைப் பக்கத்தில் இழுத்தார்.

"உனக்கு ஏதாவது கேக்குதா?"

"இல்லையே."

"அப்ப இதுதான்."

"சத்தம் துல்லியமா இருக்கா, காது வலிக்குதான்னு பாருங்க சார்," என்றார் கடைக்காரர்.

"மெத்துனு இருக்கு. வெளியே கசியலைல்ல, அது போதும்."

தனக்குத் தெரியாமல் அப்படி என்னத்தைக் கேட்கிறார் என்று அவளுக்கு மண்டை குடைந்தது.

மறுநாள் அவர் குளிக்கப் போனதும் ஹெட்போனை மாட்டி, போனில் அவர் கடைசியாகக் கேட்டதை ஓடவிட்டாள். குழாய்த் தண்ணீர், பாத்திரங்கள் உருளும் சத்தம், நடுவே சுதி சேராத பாட்டு. அவள் குரலேதான். பாதியில், "யாரது அங்க?" என்ற அதட்டலோடு பாட்டு நின்றுவிட்டது.

எடுத்த இடத்திலேயே ஹெட்போனை வைத்தாள். அன்று பாத்திரம் கழுவும்போது, ஒன்றும் தெரியாதவள் போலச் சமையலறைக் கதவை நன்றாகத் திறந்துவைத்து, பாட்டை முழுசாகப் பாடினாள்.