மைனரின் பத்தியம்

2025 அக்டோபர் 11, புரட்டாசி நான்காவது சனிக்கிழமை. உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு கால்நடை கிளினிக்கில், காலை பத்து மணிக்கு, மைனர் என்ற லேப்ரடார் நாயின் எடை நாற்பத்தோரு கிலோ. பத்தியம் தொடங்குவதற்கு முதல் நாள், செப்டம்பர் 16 அன்று, அது முப்பத்தாறு கிலோ இருந்தது.

டாக்டர் சுகிர்தா எடை இயந்திரத்தை ஒருமுறை தட்டினார். பிறகு தானே ஏறி நின்று பார்த்தார். இயந்திரத்தில் கோளாறு இல்லை.

"நான் எழுதிக் குடுத்தது என்ன? சோறு கூடவே கூடாது. உப்பில்லாம வேகவெச்ச கோழி, காலையில கால் கிலோ, சாயங்காலம் கால் கிலோ. அதைத்தானே போடறீங்க?"

"அதேதான் மேடம்" என்றார் ஏகாம்பரம். சாலவாக்கத்திலிருந்து ஆட்டோ பிடித்து நாயைக் கொண்டுவந்திருந்தார். நெற்றியில் நாமம் இன்னும் ஈரமாக இருந்தது.

"எங்க பையன் கார்த்திக்குக்குப் பொண்ணு அமையணும்னு மாசம் பூரா விரதம் கீறோம் மேடம்" என்றாள் அவர் மனைவி ஆதிலட்சுமி. "வூட்டுக்குள்ள முட்டைகூட வராது. இதுக்காவ மாட்டுக்கொட்டாயில தனி அடுப்பு, தனிச் சட்டி. கோழிய வேகவெச்சி ரெண்டா பிரிச்சிடுவேன். காலையில இவரு பம்புசெட்டாண்ட இட்டுக்கினு போய்ப் போடுவாரு. சாயங்காலம் வைக்கப்போராண்ட நான் போடுவேன்."

"ஒழுங்கா தின்னுதா?"

"ஒரு துண்டு மிஞ்சறதில்ல" என்றார் ஏகாம்பரம்.

மைனர் தரையில் கிடந்தது. பின்னங்கால்களை ஊன்றி எழ இரண்டு முறை முயன்றது. முடியாமல் அப்படியே படுத்துவிட்டது.

"இன்னும் ரெண்டு கிலோ ஏறினா இந்தக் காலு தாங்காது. அப்புறம் அது எழுந்திருக்கவே எழுந்திருக்காது."

ஆதிலட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெங்களூருக்கு வேலைக்குப் போன கார்த்திக் விட்டுவிட்டுப் போன நாய் அது. போன் செய்தால், அம்மாவைப் பற்றி விசாரிப்பதற்கு முன் அவன் அதைத்தான் விசாரிப்பான்.

டாக்டர் நாயின் வாயைத் திறந்து டார்ச் அடித்தார். கடைவாயிலிருந்து இடுக்கியால் இரண்டு பொருள்களை எடுத்துத் தட்டில் வைத்தார். ஒன்று, புளிக்காய்ச்சல் படிந்த வேர்க்கடலைப் பருப்பு. இன்னொன்று, தயிர்சோறு ஒட்டிய நார்த்தங்காய் ஊறுகாய்த் துணுக்கு.

"கோழிக்குள்ள மல்லாட்டை எப்படி வந்துச்சு?"

ஆதிலட்சுமி கணவன் பக்கம் திரும்பினாள். "ஏன்யா, புளிசோறு போட்டியா?"

"நான் ஏன்மே போடறேன்? நீதான் பாவம் பாவம்னு வாயில ஊட்டிக்கினு கெடப்ப."

"நானா? பெருமாள் சத்தியமா..." வாக்கியத்தை முடிக்காமல் அவள் மைனரின் காதைத் தடவ ஆரம்பித்தாள்.

டாக்டர் ஒரு சீட்டில் பூச்சி மாத்திரை எழுதி, பக்கத்து மருந்துக் கடைக்கு அவளை அனுப்பினார். அவள் படி இறங்கியதும் ஏகாம்பரம் எழுந்து கதவைச் சாத்தினார்.

"மேடம், அது என் மல்லாட்டைதான்."

"புரியல."

"காலையில எனக்குத் தூக்குல புளிசோறு கட்டிக் குடுப்பா. அதுக்குக் கோழி. வரப்புல அது முன்னால போவும், நான் கோழி வாசனைய மோந்துக்கினு பின்னால போவேன். எத்தினி நாளு தாங்கும் சொல்லுங்க? மூணாம் நாளு மாத்திக்கினோம்."

"மாத்திக்கிட்டீங்களா?"

"அதுக்கும் சம்மதம்தான் மேடம். வாலை ஆட்டிக்கினு துண்ணுச்சி."

"உப்பில்லாத கோழியா?"

ஏகாம்பரம் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினார். உப்பும் மிளகுத்தூளும். மறுபடி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அவளுக்கு மட்டும் தெரிய வேணாம் மேடம். விரதம் அவளோடது. நாளைக்குப் பையனுக்குப் பொண்ணு அமையலன்னா, உன் நாக்காலதான் கெட்டுதுன்னு ஆயுசுக்கும் சொல்லிக்கினு இருப்பா."

நார்த்தங்காயைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. டாக்டரும் கேட்கவில்லை.

ஆதிலட்சுமி மாத்திரையோடு திரும்பி வந்தாள். டாக்டர் பழைய பத்தியச் சீட்டை வாங்கிக் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"இன்னையிலேர்ந்து கோழி கிடையாது. ரெண்டு வேளையும் பாக்கெட் தீனிதான். வறட்டி மாதிரி இருக்கும், நாயைத் தவிர வேற யாரும் வாயில வைக்க முடியாது. ஒரு மாசத்துல எடை இறங்கும்."

ஏகாம்பரம் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். ஐப்பசி பிறக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது.

"நாய் பொழைச்சா சரி மேடம்" என்றார். மைனரை இரண்டு கையாலும் தூக்கி நிறுத்தி, ஆட்டோவுக்கு மெல்ல நடத்திக்கொண்டு போனார்.

ஆதிலட்சுமி வாசல்வரை போய், அவர் ஆட்டோவை நெருங்கும்வரை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். தட்டில் கிடந்த நார்த்தங்காய்த் துணுக்கை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"மேடம், புரட்டாசி முடியற வரைக்குமாவது அந்தச் சாயங்காலக் கோழிய நிறுத்தாதீங்க."