வகிடு

"பஸ் மத்தியானமே கிளம்புதாம். நீ இன்னும் பிணத்தோட கொஞ்சிட்டிருக்கே."

அக்கா வாசல்படியிலேயே நின்றாள். உள்ளே போனால் பினாயில் வாடை துணியில் ஒட்டிக்கொள்ளும்.

சிமெண்டு மேடையில் கிடந்த பெரியவரின் விரலிடுக்குகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே தங்கை சொன்னாள். "இவர் ஒண்ணும் அவசரப்படலை அக்கா. நீதான் பறக்கிறே."

கேட்பாரில்லாத பிணங்களைக் கழுவி, துணி மாற்றி, அடக்கம் செய்வது கன்னியர் மடத்தின் வேலை. அகதி முகாமிலிருந்து அதற்குத் துணிந்து வந்தவள் தங்கை ஒருத்திதான். சம்பளம் கிடையாது. போருக்குப் பயந்து ஆற்றைத் தாண்டி வந்த கையோடு மடத்துச் சாமியைக் கும்பிட ஆரம்பித்துவிட்டாள். கழுத்தில் ஒரு மரச்சிலுவை.

முகாமில் அவளுக்குப் பெயர் 'ரொட்டிக்காரி'. மடத்து ரொட்டிக்கும் பால்மாவுக்கும் சாமியை மாற்றிக்கொண்டவளாம். அந்தப் பெயரை முதலில் வைத்ததே அக்காதான். அதே ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டித்தான் தங்கை அவளைப் பிழைக்கவைத்தாள் என்பதை அக்கா யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை.

"பெட்டியெல்லாம் கட்டிட்டேன். நம்மளை ஒரு நாடு ஏத்துக்கிட்டதே பெரிசு. இந்த பஸ்ஸை விட்டா அடுத்தது எப்பவோ. அவனுக்கும் ஒரு சட்டை வாங்கி வெச்சிருக்கேன். கொஞ்சம் பெரிசாத்தான். இத்தனை வருஷத்துல வளர்ந்திருப்பான் இல்ல?"

தங்கை துணியைப் பிழிந்தாள். வாளிக்குள் தண்ணீர் சொட்டி முடியும்வரை பிழிந்தாள்.

அவன் தங்கையின் மகன். ஆற்றைக் கடக்கும்போது தங்கையின் தலையில் மூட்டை இருந்தது. பிள்ளை, பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். தண்ணீர் ஒரு இழுப்பு இழுத்தது. கரையேறியபோது அக்காவின் கை வெறும் கையாக இருந்தது.

அதற்குப் பிறகு அக்கா வாயில் தண்ணீர்கூடப் படவில்லை. 'கீழே எங்கேயாவது கரை ஏறியிருப்பான் அக்கா, யாராவது தூக்கி வளர்ப்பாங்க' என்று தங்கை சொல்லச் சொல்லத்தான் ஒரு வாய் வாங்கினாள். இன்றுவரை அந்தச் சொல்லில்தான் அவள் உயிர் ஓடிக்கொண்டிருந்தது.

"அங்கே காணாமப் போனவங்களைத் தேடிக் கொடுக்கறதுக்குன்னே ஒரு ஆபீஸ் இருக்காம்."

"நல்லது. போய்ச் சொல்லு."

"போய்ச் சொல்லுன்னா? நீ?"

"நான் வரலை அக்கா. எனக்கு இங்கே வேலை இருக்கு."

"வேலையாம் வேலை. செத்தவனைக் குளிப்பாட்டினா மோட்சம்னு சொன்னாங்களா உன் ஆளுங்க?"

தங்கை சிரித்தாள். "சோப்பு மட்டும்தான் கொடுத்தாங்க."

சீப்பை எடுத்து, பெரியவரின் நரைத்த தலையில் வலப்பக்கம் வகிடெடுத்து வாரினாள். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. வாடையை மறந்து உள்ளே வந்தாள்.

"இவருக்குமா? எல்லாருக்கும் நீ அப்படித்தான் வாரறே. நான் கவனிக்கலைன்னு நினைச்சியா? அவனுக்கு இடப்பக்கம் சுழி. அந்தப் பக்கம் வகிடெடுத்தா முடி நட்டுக்கிட்டு நிக்கும். அதனால வலப்பக்கம் வகிடெடுப்போம். ஊரார் பிணத்துக்கு எதுக்குடி அது? இங்கே வர்ற ஒவ்வொண்ணுலயும் நீ அவனைத் தேடறே. பெத்தவ நீ, பிணத்துல தேடறே. நான் உயிரோட தேடறேன்."

"நேரமாச்சு. நீ கிளம்பு அக்கா."

"கிளம்பலை." அக்கா கையிலிருந்த பையைத் தொப்பென்று தரையில் போட்டாள். "தேடி வந்தா அவன் இங்கேதான் வருவான். கையை விட்டவ நான். அவன் வந்து நிக்கிறப்ப நான் இல்லைன்னா எப்படி? அவன் வர்ற வரைக்கும் நானும் இங்கேயே கிடக்கறேன்."

தங்கை சீப்பை வைத்தாள். ரப்பர் கையுறைகளை ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள்.

"அவன் வந்துட்டான் அக்கா."

அக்கா சட்டென்று திரும்பி வாசலைப் பார்த்தாள்.

வாசலில் யாரும் இல்லை.

"நாம கரையேறின மறுநாளே வந்துட்டான். இந்த மேடைக்கு. உனக்கு மருந்து கேட்டு இங்கே வந்தேன். மடத்து மதர் அவனைக் கழுவி, வெள்ளைத்துணி போட்டு, யார் பெத்த பிள்ளையோன்னு தலைகூட வாரிவிட்டிருந்தாங்க. இடப்பக்கம் வகிடு. ஈரம் காயக் காய அந்தச் சுழிமுடி மட்டும் எழுந்து நின்னுது. மாத்தி வாரிவிடக் கை போச்சு. தொட்டா கத்திடுவேன். வெளியே பெஞ்சுல நீ சுருண்டு கிடந்தே. அது உன் காதுல விழுந்தா அன்னைக்கே உன் உயிர் போயிருக்கும். அப்படியே விட்டுட்டேன். தோட்டத்துச் சுவரோரம் இருக்கான்."

அக்கா மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்குத்தானே... சிலுவையும் ரொட்டியுமா வந்து நின்னே."

"ஆமா."

"பிள்ளையைப் பறிகொடுத்த அன்னைக்கா ஒரு சாமியைக் கும்பிடத் தோணுச்சு உனக்கு?"

தங்கை, மேடையைப் பற்றியிருந்த அக்காவின் கையைப் பார்த்தாள். பிறகு அதன்மேல் தன் கையை வைத்தாள்.

"ராத்திரியில இந்தக் கை என்னைப் பிடிச்சுக்கிட்டாதான் நீ தூங்குவே. அவனை விட்ட கைன்னு அதை நான் உதறாம இருக்கணுமே அக்கா. என் ஒருத்தியால அது முடியலை."