பென்ஷனை யார் கேட்கப் போறாங்க?

அன்று அடுக்குமாடியின் கீழ்த்தள ஹாலில் இருந்தவர்கள்: பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், அவர் மனைவி, இன்ஜினியர், கப்பல்காரர், டீச்சர். ஆக ஐந்து பேர்.

ஐவருமே வேலைக்காலம் முடிந்ததும், செலவு குறைவு, வைத்தியம் நன்றாக இருக்கிறது என்று இந்த அயல்நாட்டுக்கு வந்து தங்கியவர்கள். பென்ஷன் மட்டும் சொந்த நாட்டிலிருந்து மாதம் தவறாமல் வந்துவிடும்.

பத்து மணிக்கு வரி ஆபீசிலிருந்து ஒரு பெண் அதிகாரி வருவதாகக் கட்டட மேற்பார்வையாளர் முந்தின நாள் கதவு கதவாகத் தட்டிச் சொல்லியிருந்தார்.

“யாரோ போட்டுக்கொடுத்திருக்காங்க” என்றார் இன்ஜினியர்.

“யாரா இருக்கும்?” என்றார் கப்பல்காரர்.

“ரெண்டு வருஷம் முன்னாடி, பென்ஷனை இங்கேயும் கணக்குக் காட்டணுமோன்னு கேட்டது ஒருத்தர்தான்.”

எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள்.

“சத்தியமா நான் போகலை அண்ணே. அன்னைக்கு நீங்கள்லாம் சிரிச்சீங்க. அப்புறம் அந்த ஆபீஸ் இருக்கிற தெருப் பக்கமே போகலை.”

“போயிருந்தா முட்டாள்தனம்” என்றார் மேனேஜர். “நம்ம நாட்டுல வரியைப் பிடிச்சுக்கிட்டுதான் பென்ஷனை அனுப்புறான். ஒரே தலைக்கு ரெண்டு தடவை மொட்டை போடுவாங்களா? நான் நாப்பது வருஷம் பேங்க்ல குப்பை கொட்டினவன், எனக்குத் தெரியாதா?”

“இவருக்கு அதெல்லாம் அத்துப்படி அக்கா” என்றாள் அவர் மனைவி.

டீச்சர் தாள் டம்ளரில் தண்ணீர் பிடித்தாள். பாதி தரையில் சிந்தியது.

“கணக்குக் காட்டலைன்னா இங்க தங்க விடமாட்டாங்களா சார்? எங்க அனுமதி அடுத்த மாசத்தோட முடியுது.”

“அந்தப் பொண்ணு வந்தா எதையும் உளறிடாதீங்க” என்றார் மேனேஜர். “ கேட்டா, தெரியாதுன்னு ஒரே பிடியா நில்லுங்க. நாட்டைவிட்டுப் போகச் சொன்னா அஞ்சு பேரும் சேர்ந்தே போவோம். போதுமா?”

“போக அவரால முடியாதே சார்.”

டீச்சரின் கணவர் நாலாவது மாடியில் படுத்த படுக்கையாக இருந்தார். புரட்டிப் படுக்கவைக்கவே இரண்டு பேர் வேண்டும். விமானத்தில் ஏற்றினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“விடுங்க டீச்சர்” என்று கப்பல்காரர் சிரித்தார். “நான் நடுக்கடல்ல கொள்ளைக்காரனையே பார்த்தவன். ஃபைல் தூக்கிட்டு வர்ற ஒரு பொண்ணுக்கா பயப்படுவேன்?”

சொல்லும்போதே அவர் கால் ஆடிக்கொண்டிருந்தது.

மேற்பார்வையாளரோடு அதிகாரி வந்தாள். சின்ன வயது. செருப்பை வெளியே தட்டிவிட்டு, எல்லோருக்கும் வணக்கம் சொல்லி, நிதானமாகப் பேசினாள்.

யாரும் புகார் கொடுக்கவில்லை. எல்லாக் கட்டடங்களுக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். வருஷத்தில் ஆறு மாதத்துக்கு மேல் இங்கே தங்குகிறவர்கள் வெளியிலிருந்து வரும் பென்ஷனையும் கணக்குக் காட்ட வேண்டும். அங்கே பிடித்த வரியை இங்கே கழித்துக்கொள்ளலாம். பலருக்குக் கட்ட ஒன்றும் இருக்காது. ஆனால், கணக்கே காட்டாதவர்களுக்கு விசாரணை முடியும்வரை தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கமாட்டார்கள்.

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“ஏற்கெனவே கணக்குக் காட்டி, வரி நம்பர் வாங்கியவர்கள் பக்கத்து அறைக்குப் போகலாம். ஒரு கையெழுத்துதான். மற்றவர்கள் இங்கேயே இருங்கள்.”

ஒருவரும் அசையவில்லை. மேனேஜர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க, எழுந்திரிங்க” என்றாள் அவர் மனைவி. “நம்ம நம்பர் என் கைப்பையிலதான் இருக்கு.”

“மெதுவாப் பேசு.”

“இதுல என்ன மெதுவா? வந்த வருஷத்துலேருந்து ஒழுங்காத்தானே காட்டுறோம்? ஏதாவது ஆயிடுமோன்னு நீங்கதானே தூக்கம் கெட்டுப்போய் முதல் ஆளா ஓடினீங்க?”

மேனேஜர் எழுந்தார். “அது... சும்மா ஒரு பாதுகாப்புக்கு” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு நடந்தார். மனைவி பின்னாலேயே போனாள்.

இன்ஜினியர் நீளமாக மூச்சு விட்டார். “அப்படியா சங்கதி! இவர் கேலி பண்ணுவாரேன்னு பயந்துதான் நானும் வெளியில மூச்சு விடலை.” சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக்கொண்டு அவரும் எழுந்தார்.

டீச்சர் பக்கத்து நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணே, நீங்களாவது...”

கப்பல்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் துடைத்தார்.

“என் பொண்ணு என்னைக் கேக்காமலே பதிவு பண்ணிட்டா டீச்சர். எனக்கு இஷ்டமே இல்லை.” எழுந்து நின்றார். “நீங்க பயப்படாதீங்க. ஒண்ணும் ஆகாது.”

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே மேனேஜர் எதற்கோ சத்தமாகச் சிரித்தார். மற்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

அதிகாரி புதிய தாள் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, பேனா மூடியைத் திறந்தாள்.

“கணக்குக் காட்டாதவர்கள் மொத்தம் எத்தனை பேர்?”

மேற்பார்வையாளர் ஹாலை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

“ஒருத்தர்.”