மூன்றாம் மாடியில் பெரியம்மை

மிங்கோ போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, உயிர் போகிறவனைப் போல முனகினான்.

முகமெல்லாம் கொப்புளங்கள். அத்தனையும் சோளமாவு. ஹோட்டல் சமையல்கட்டில் அடிமையாக இருக்கும் அவன் மனைவி ஃபீபி விடியற்காலையில் வந்து ஒவ்வொன்றாக ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். கிட்டே வந்து பார்த்தால் குட்டு உடைந்துவிடும்.

அவனை விலைக்கு வாங்கிய மேஜர் டன்வுடி கிட்டே வரவில்லை. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

தெற்கு கரோலினாவை அமெரிக்காவிலிருந்து பிரித்தெடுக்க நேற்றுக் கூடிய மாநாட்டில், வடக்கத்தியான் பீரங்கியோடு வந்தாலும் நெஞ்சைக் காட்டுவேன் என்று முழங்கியவர்தான். இந்தக் கொலம்பியா நகரில் பெரியம்மை என்று தெரிந்ததும் மாநாடே மூட்டை கட்டிவிட்டது. மிச்சத்தைச் சார்ல்ஸ்டனில் போய் முழங்குவார்களாம். ரயில் தயாராக நின்றது.

அந்த ரயிலில் ஏறினால் மிங்கோ அவ்வளவுதான். சார்ல்ஸ்டனிலிருந்து கப்பலேற்றி, மிசிசிப்பியில் பருத்திக்காடு வைத்திருக்கும் மகனிடம் அவனை அனுப்ப மேஜர் முடிவு செய்திருந்தார். அப்புறம் ஃபீபியை இந்த ஜென்மத்தில் பார்க்க முடியாது.

"டேய் மிங்கோ, செத்துகித்துத் தொலைச்சிடாதடா! நீங்கள்லாம் கைய விட்டுப் போயிடக் கூடாதுன்னுதானே நாட்டையே ரெண்டாப் பொளக்கப் போறோம்?"

"நான் எங்க எசமான் போகப் போறேன்? நீங்க நல்லபடியாப் போயி பொளந்துட்டு வாங்க."

சொல்லும்போதே ஒரு கொப்புளம் கன்னத்திலிருந்து கழன்று தலையணையில் விழுந்தது. மிங்கோவுக்கு நிஜமாகவே குளிர் ஜுரம் வந்துவிட்டது.

மேஜர் பார்த்தார்.

"ஐயோ, சதையே கழண்டு விழுதே!" என்று அலறிக்கொண்டு ஓடினார்.

மிங்கோ ஜன்னலுக்குப் போனான். பூட்ஸைக்கூடத் தானே கழற்றி அறியாத மனிதர், தெருவில் தன் பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு போனார். மிங்கோவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பின்னாலேயே ஒரு நீதிபதி, தோளில் பெட்டியோடு. அப்புறம் ஒரு பாதிரியார். அப்புறம் பக்கத்து அறைப் பண்ணையார், மூச்சு வாங்கிக்கொண்டு. ஒருவரோடும் வேலையாள் இல்லை.

சிரிப்பு நின்றது. நிஜ அம்மையே மாடிக்கு வந்துவிட்டதோ? பயந்துகொண்டே கதவைத் திறந்தான்.

எதிர்க் கதவும் திறந்தது. நீதிபதியின் வண்டிக்காரன் எட்டிப் பார்த்தான். அவன் மூக்கு நுனியில் ஒரு கொப்புளம் விழவா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த கதவு. அதற்கடுத்த கதவு. எல்லா முகத்திலும் சோளமாவு.

ஃபீபி மூட்டையோடு மாடிப்படி ஏறி வந்தாள்.

"கீழ வண்டி நிக்குது. அடிமைங்களே இல்லாத வடக்குக்கு எல்லை தாண்டுற வரைக்கும் ஒருத்தரும் மூஞ்சியக் கழுவக் கூடாது. அம்மைன்னா எந்தக் காவக்காரன் கிட்ட வருவான்?"

அவள் தன் முகத்திலும் மாவு ஒட்டியிருந்தாள்.

மிங்கோவுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. மாவு கரைந்துவிடும் என்று அடக்கிக்கொண்டான்.